கட்டளை இல்லாத வகுப்பு

முதலில் துளசிமணியின் இடது தோள் காதுவரை எழுந்தது.

அப்புறம் ஃபரீதாவினுடையது.

வகுப்பெடுக்கும் அவள் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூலைதான் அவள் இடம். கராத்தே வகுப்பு முடியப்போகும் நேரத்தில் அவள் வாய் திறப்பதில்லை. எண்ணிக்கை இல்லை, கட்டளை இல்லை. பெண்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். கற்பனையில் எதிரே நிற்பது யார் என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ள வேண்டும். எப்போது அடிப்பது, எப்போது விலகுவது என்பதும் அவரவர் பாடு.

ஆடி மாதம். கல்யாணங்கள் இல்லை. மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் காலை வேளைகளில் இவர்களுக்குக் கிடைத்திருந்தது. ஆனி மாத விருந்துகளின் சாம்பார் மணம் இன்னும் சுவரில் இருந்தது. ஜன்னல்களில் நல்ல வெயில்.

இன்னொருத்தியின் தோள்.

ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாகச் சண்டையிட்டாள். உயரமானவள் காலை நம்பினாள். கனத்த உடம்புக்காரி இடத்தைவிட்டு நகரவே இல்லை. முழங்கையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் யார் மாதிரியும் இல்லை. அதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் நடுவே ஏதோ ஒரு கணத்தில், எல்லோருக்கும் அந்தத் தோள் எழுந்தது. தாடை உள்ளே ஒடுங்கியது. இடது காது மறைந்தது.

எந்தப் பாடத்திலும் அது இல்லை. அவள் சொல்லிக் கொடுக்கவில்லை.

தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். அது காதோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"போதும்."

கண்கள் திறந்தன.

"அந்தத் தோளு எங்கிருந்து வந்துச்சு?"

"எந்தத் தோளுங்க மாஸ்டர்?" தையற்கடை வைத்திருக்கும் துளசிமணி சிரித்தாள். "எனக்குத் தோளுன்னு ஒண்ணு இருக்கறதே ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கறப்பத்தான் ஞாபகம் வரும்."

மற்றவர்களும் சிரித்தார்கள்.

அவளுக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் வேறு மாதிரி. அவர் 'தொடங்கு' என்று சொல்லும்வரை முகத்தில் உட்கார்ந்த ஈயைக்கூட ஓட்டக் கூடாது. எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்தார். அந்த வார்ப்பில் மிகச் சரியாக வந்தவள் அவள்தான். அவ்வளவு சரியாக வந்ததால், கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் கை ஓங்கிய ஒவ்வொரு முறையும் அவள் உடம்பு அந்தச் சொல்லுக்காகக் காத்து நின்றது.

யாரும் சொல்லவில்லை.

கறுப்பு பெல்ட் பீரோவிலேயே கிடந்தது. தோள் மட்டும் தானாக உயரக் கற்றுக்கொண்டது.

மாரடைப்பில் கணவர் போன பிறகுதான் இந்த வகுப்பைத் தொடங்கினாள். ஒரே ஒரு பிடிவாதத்தோடு. இங்கே எந்தப் பெண்ணும் யாருடைய சொல்லுக்கும் காத்து நிற்கக் கூடாது.

கணவரைப் பற்றி மட்டும் அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

கட்டளையைக் கொடுக்காமல் இருந்துவிட்டாள். பயத்தைக் கொடுத்துவிட்டாளா?

"கண்ணை மூடினப்ப எதிர்ல யாரு நின்னாங்க? உள்ளதைச் சொல்லுங்க."

சிரிப்பு அடங்கியது.

"நெட்டையா ஒருத்தருங்க." ஃபரீதாதான் சொன்னாள். "பெத்த அத்தா என்னை ஒரு அதட்டல்கூடப் போட்டதில்லை. எனக்குக் கல்யாணமும் ஆகலை. இந்த மனுசன் எங்கிருந்து வந்தாருன்னே தெரியலீங்க. கையை ஓங்கறதுக்கு முன்னாடி வாட்சைக் கழட்டிச் சட்டைப் பைல போட்டுக்கறாரு."

துளசிமணி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா," என்றாள். "அவசரமே இல்லாம."

"ஆமாங்க," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "எனக்கும் அவருதான்."

மூலையில் நின்றவளுக்கு அந்த வாட்ச் தெரியும். அவள் கணவருக்குப் பொருள்கள் உடைந்தால் பிடிக்காது.

"உங்களை அடிக்கறாரா?"

"இல்லீங்க மாஸ்டர். எங்களை அவரு பார்க்கறதே இல்லை." ஃபரீதா தயங்கினாள். "எங்களைத் தாண்டி, நீங்க நிக்கற மூலையத்தான் பார்த்துட்டு இருக்காரு. நாங்க குறுக்க நிக்கறோம். அவ்வளவுதான்."

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது.

அவள் மூலையைவிட்டு வெளியே வந்தாள். என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. இது அவளுடையது. இந்தப் பெண்கள் சுமக்க வேண்டியதில்லை.

"நகருங்க," என்றாள். "எல்லாரும் செவுத்தோரமாப் போயி நில்லுங்க. இதை நான் பார்த்துக்கறேன்."

அந்தக் கூடத்தில் அவள் போட்ட முதல் கட்டளை.

யாரும் நகரவில்லை.

"மாஸ்டர்," என்றாள் துளசிமணி, மிகவும் மரியாதையாக. "இங்க யார் சொல்லுக்கும் கட்டுப்பட வேண்டாம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

அவர்கள் அவளுக்கு முதுகு காட்டித் திரும்பினார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்க்காமலே வரிசையாக நின்றார்கள். தலைகள் இலேசாகத் தாழ்ந்தன. கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவளுடைய கண்கள் திறந்தே இருந்தன. பின்னல்கள் தெரிந்தன. வியர்த்த முதுகுகள் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் வெறும் தரை, வெயில்.

யாரும் எண்ணவில்லை. யாரும் தொடங்கச் சொல்லவில்லை.

வரிசை ஓரடி முன்னால் வைத்தது.

எதிர்ச் சுவரோரம் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், யாரோ பின்வாங்கி முதுகால் இடித்ததுபோல், ஒருமுறை ஆடி நின்றன.