மூடுபனிக் கலர்

"நுஹா, இந்த அலுமாரிக்கு எம்மேல என்ன கோவம்?"

என்று கேட்டான் ருஷ்தி. தங்கை நுஹா வேனுக்குள் முழங்காலில் நின்று, அலுமாரி மூலையில் எழும்பிய வைனில் தாளைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்ததும் அது மெதுவாக மறுபடி எழும்பியது.

மாமனார் றவூபின் பழைய வேனுக்குள் ருஷ்தியே பலகை அறுத்து, கட்டில், மேசை, அலுமாரி எல்லாம் செய்திருந்தான். சுற்றுலா போகிறவர்கள் வாடகைக்கு எடுத்து, உள்ளேயே சமைத்து, உள்ளேயே தூங்கலாம். ஆனால் பலகைகளின் மேல் ஒட்டிய வைனில், அவர்கள் ஊரான கடுகண்ணாவையின் மழைக்கு ஓரம் ஓரமாகக் கிளம்பிவிட்டது. வேனைப் பார்க்க வந்த மூன்று பேரும் மூலையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"இண்டைக்கி வாறவங்களும் எடுக்காட்டி வேனை நான் எடுத்துக்குவேன், மருமகன்," என்றார் வெளியே கதிரையில் இருந்த றவூப். "கோழி ஏத்தலாம். கோழி மூலையக் கொத்தும், ஆனா குறை செல்லாது."

"இண்டைக்கி எடுப்பாங்க, மாமா."

"கலரும் சரியில்லயே. சோறு வடிச்ச தண்ணி மாதிரி ஈக்கிது."

"நான் தேக்குக் கலர்தான் கேட்டேன். கம்பளைக் கடைக்காரன் இதச் சுத்தித் தந்துட்டான். கேக்குறவங்களுக்கு மூடுபனிக் கலர் எண்டு செல்லுவேன்."

றவூப் தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

"போன மாசம் அயன் பொட்டி வெச்சுத் தேச்சீங்க. அதுக்கு முந்தி உடுப்புக் கிளிப் போட்டீங்க. கோவிச்சிட்டுப் போன பொஞ்சாதியக் கூட ஆரும் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒட்ட வெச்சதில்ல."

"இது வேற, மாமா. சப்பாத்துத் தைக்கிறவங்க பாவிக்கிற பசை. பிடிச்சா உலகம் அழியிற கியாமத் நாள் வரைக்கும் கிளம்பாது."

வேலை தொடங்கியது. நுஹா ஓரத்தைத் தூக்கிப் பிடிக்க, ருஷ்தி உள்ளே பிரஷ்ஷை விட்டுப் பூசினான்.

"கூடத் தூக்காத. பலக தெரியிது."

பசை கொஞ்சம் காய்ந்ததும் இருவரும் ரொட்டி உருட்டும் கட்டையால் மாறி மாறி உருட்டி அழுத்தினார்கள். கட்டில் முடிந்தது. மேசை முடிந்தது. பெரிய அலுமாரியும் முடிந்தது. அடுப்புக்குக் கீழே இருந்த சின்னக் கதவுக்கு வரும்போது பசை டின் காலி.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து சஞ்சீவனி வந்து இறங்கினார். அவருடைய குடும்பம் ஒரு கிழமைக்கு நுவரெலியா போக வேன் தேடிக்கொண்டிருந்தது.

அவரும் நேரே மூலைக்குத்தான் போனார். நகத்தால் சுரண்டினார். அசையவில்லை. மேசையைச் சுரண்டினார். அதுவும் அசையவில்லை. ருஷ்தி மாமனாரைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

"வேலை நல்லாத்தான் இருக்கு, தம்பி. ஆனா இந்தக் கலர்தான் நோயாளி மாதிரி இருக்கு."

"அது மூடுபனி…"

புது ஆளைக் கண்ட கூச்சத்தில் நுஹா முகத்தைத் திருப்பி, பசை கிடைக்காத சின்னக் கதவை அழுத்திக்கொண்டிருந்தாள். நகம் ஓரத்தில் மாட்ட, சர்ரென்ற சத்தத்தோடு முழுவதும் உரிந்து அவள் கையோடு வந்தது.

ருஷ்தி கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது சஞ்சீவனி குனிந்து அந்தக் கதவைத் தடவிக்கொண்டிருந்தார். அது நல்ல தேக்கு நிறத்தில் கண்ணாடி போலப் பளபளத்தது.

"இவ்வளவு அழகான வைனில். இதுக்கு மேல பாதுகாப்புக்கு ஒட்டி வாற பிளாஸ்டிக்க ஏன் தம்பி இன்னும் கழட்டாம வச்சிருக்கீங்க? மத்ததையும் உரிச்சு விடுங்க, இப்பவே எடுத்துட்டுப் போறோம்."

ருஷ்தி காலி டின்னை மூடி வைத்தான். பிறகு மேசை மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்; பசை பிடித்த பிளாஸ்டிக் அசையவில்லை. யாரையும் பார்க்காமல் வேனிலிருந்து இறங்கிப் போனான்.