மச்சினன் படகில் ஒரு பச்சை ஒயர்

குப்புறப் படுத்து, தரைப்பலகையின் சந்துக்குள் தோள்வரை கையை விட்டிருந்தார் பெரிய எலெக்ட்ரீஷியன். ஸ்பேனர் நட்டைக் கவ்வியதும் மூச்சை அடக்கி, பதமாக ஒரு சுற்றுச் சுற்றினார். சாப்பாட்டு நேரத்தில்கூட வயிற்றைக் கவனிக்காமல் அப்படி ஒரு கடமை உணர்ச்சி!

ஒரே ஒரு சின்ன விஷயம்தான். அந்தப் பாய்மரப் படகில் ஒயரிங் செய்தது அவர் இல்லை, அவருடைய மச்சினன். அவர் நட்டை முறுக்கவில்லை, கழற்றிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் படகுத்துறையில் எலெக்ட்ரீஷியன் என்றால் அவர் ஒருவர்தான். மனைவியின் தம்பி அதே தொழிலில் வந்து இறங்கிய பிறகு அவன் சின்ன எலெக்ட்ரீஷியன் ஆனான், இவர் பெரிய எலெக்ட்ரீஷியன் ஆனார். முதலில் அதை மரியாதை என்றுதான் நினைத்தார். வயசைச் சொல்கிறார்கள் என்பது உறைக்க இரண்டு மாதம் ஆனது.

இப்போது கிளப்பின் ஒன்பது படகுகளுக்குப் புது பேட்டரி மாட்டும் வேலை வந்திருந்தது. மாதிரிக்கு ஆளுக்கு ஒரு படகு கொடுத்திருந்தார் கிளப் செயலாளர். சோதனை அதிகாரி யார் வேலை நன்றாக இருக்கிறது என்கிறாரோ அவருக்கே ஒன்பதும். பெரியவரின் படகு காலையிலேயே பாஸ் ஆகிவிட்டது. மச்சினன் படகுக்கு மதியம் இரண்டு மணி.

"ஏங்க, என் தம்பி போட்ட ஒயரிங்கைப் பார்த்தீங்களா? தலை வாரி விட்ட மாதிரி இல்ல?" என்று முந்தின நாள் மனைவி கேட்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் இவர் போட்ட ஒயரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. அவருக்கு வயிறு எரிந்தது.

வந்து பார்த்தால் அவள் சொன்னது நிஜம். அதுதான் இன்னும் எரிந்தது. இரண்டு பேட்டரிகளும் பெல்ட் போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தன. மைனஸ் ஒயர்கள் எல்லாம் ஒரு செம்புப் பட்டையில் வரிசையாக வந்து சேர்ந்திருந்தன. அங்கிருந்து தடியான பச்சை ஒயர் ஒன்று இன்ஜினுக்குப் போனது, இன்னொன்று படகின் அடியில் தண்ணீருக்குள் நிற்கும் இரும்புக்கு இறங்கியது. இரண்டின் வளைவும் ஒரே அளவு. படுபாவி, ஸ்கேல் வைத்தா வளைத்தான்!

வீட்டுக்கு மண்ணில் எர்த், படகுக்குத் தண்ணீரில் எர்த். அடி இரும்புக்குப் போன ஒயரை உருவி, சுருட்டி, பைக்குள் திணித்தார். எர்த் கொடுக்க மறந்தவனுக்கு எவன் ஒன்பது படகை நம்பிக் கொடுப்பான்? சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு கரையில் இறங்கி, ஒன்றும் தெரியாதவர் போல டீக்கடைப் பக்கம் நடந்தார்.

அவர் டீயோடு திரும்பி வருவதற்கும் அதிகாரியும் செயலாளரும் வருவதற்கும் சரியாக இருந்தது. பின்னாலேயே மச்சினன் ஓடி வந்தான். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை.

"ஐயா, ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. உள்ள ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு."

"சோதனைக்கு நான் வந்தப்புறம் யாரும் ஸ்பேனரைத் தொடக் கூடாது. வெளியவே நில்லுங்க."

மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. பெரியவருக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது.

"என்ன மாப்ள, எல்லாம் ஒழுங்காத்தானே பண்ணியிருக்க?"

"பேசாதீங்க மாமா. அஞ்சே நிமிஷம் குடுத்திருக்கலாம்ல அவரு."

இருபது நிமிஷம் கழித்து, மீட்டரைப் பைக்குள் வைத்தபடி அதிகாரி வெளியே வந்தார். அதற்குமேல் பெரியவரால் பொறுக்க முடியவில்லை.

"எர்த் பார்த்தீங்களா சார்? படகுக்கு அதானே உசுரு!"

"அதைத்தான் முதல்ல பார்த்தேன். இன்ஜின்ல ஒரே ஒரு இடத்துல குடுத்திருக்கார், காலையில பார்த்ததைவிடக் கச்சிதமா இருக்கு. நிறைய பேர் அடி இரும்புலயும் இன்னொண்ணு மாட்டி வச்சுடறாங்க. ரெண்டு இடத்துல குடுத்தா கரண்ட் சுத்தி வந்து இரும்பையே அரிச்சுத் தின்னுடும். அப்படி இருந்திருந்தா இங்கேயே ஃபெயில் போட்டிருப்பேன்."

செயலாளர் சிரித்துக்கொண்டே மச்சினன் தோளைத் தட்டினார். "அப்ப ஒன்பது படகும் சின்னவருக்குத்தான்!"

பெரியவர் கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது. இரண்டு பச்சை ஒயர்! இருபத்திரண்டு வருஷ அனுபவக்காரர், கண்ணெதிரே இருந்த தப்பைப் பார்த்தும் பார்க்கவில்லை. அவன் வளைத்த அழகைப் பார்த்துப் பொருமுவதற்கே நேரம் சரியாக இருந்துவிட்டது.

அதிகாரி போனதும் மச்சினன் அவர் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"மாமா, சாப்பிட உட்கார்ந்தப்ப தூரத்துல இருந்து பார்த்தேன். நீங்க என் படகுல இருந்து இறங்கினீங்க."

இது மனைவி காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்தபடி ஒயர் இருந்த பையைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"சும்மா... உன் வேலையை ஒரு பார்வை பார்க்கலாம்னு..."

"ரெண்டு இடத்துல எர்த் மாட்டிட்டேன்னு சாப்பிடும்போதுதான் மாமா ஞாபகம் வந்துச்சு. பாதிச் சோத்துல எழுந்து ஓடி வந்தேன். அதுக்குள்ள நீங்க..."

அவன் கண் கலங்கிவிட்டது. சாப்பாட்டுக் கையோடு அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"இந்த வேலை எனக்குக் கிடைச்சதே உங்களாலதான் மாமா!"