ஏழு திருப்பம்

அந்த வீட்டுக்குப் பூனை வந்த அன்றே எலிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அரிசி மூட்டையிலிருந்து வளைக்கு ஏழு திருப்பம். ஒன்று பிசகினாலும் கதை முடிந்தது.

பகலெல்லாம் தூங்காமல் அதையே உருப்போட்டது. "கிரைண்டர்கிட்ட இடது, சிலிண்டர்கிட்ட வலது, சாக்குக்குப் பின்னால மறுபடி இடது..."

சுவரில் கண் சொக்கிக் கிடந்த பல்லி சொன்னது: "இது நாம தூங்குற நேரம். நீயும் கொஞ்சம் கண்ணை மூடேன்."

"மூடினா எல்லாம் மறந்துடுமே!" என்றது எலி. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. பல்லி அதைக் கேட்டபடியே தூங்கிப்போனது. மூன்று பகல் இப்படியே போனது.

மூன்றாம் நாள் விளக்குப் போடுகிற நேரத்தில் பூனை வாடை வந்தது. எலி மூட்டையை விட்டுப் பாய்ந்தது. கிரைண்டர்வரை ஓடியது. அங்கே அப்படியே நின்றுவிட்டது. இடதா, வலதா?

"இடது! அப்புறம் சிலிண்டர்கிட்ட வலது!" என்று பல்லி கத்தியது.

"நிஜமாவா? இடதா?" எலி திரும்பிப் பார்த்தது.

இன்றைக்கும் அந்த ஏழு திருப்பமும் பல்லிக்கு அத்துப்படி. கேட்கத்தான் வளையில் யாரும் இல்லை.