கடைசி இலக்கம்

சட்டையைப் பிரித்துப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"செர்வா! என்ன காரியம்மா பண்ணி வச்சிருக்கே?"

ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது.

குமாசியில் எங்கள் பள்ளியின் கணக்குப் புலி நான்தான். இதை அடிக்கடி சொல்வதும் நானேதான். தலைநகர் அக்ராவில் நடக்கும் வினாடி வினாவுக்குப் போகிற பிள்ளைகளின் சட்டை முதுகில், எனக்குப் பிடித்த எண்ணை அச்சடித்து வாங்கிவரும்படி இளைய கணக்கு ஆசிரியை செர்வாவிடம் இதே அறையில் எல்லார் முன்னாலும் எழுதிக் கொடுத்துச் சொல்லியிருந்தேன்.

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் வகுபடாது, யாருக்கும் மசியாது. கடைசி இலக்கத்தை வெட்டுங்கள், மிச்சமும் பகா எண். இன்னொன்றை வெட்டுங்கள், அதுவும் அப்படியே. ஏழு மட்டும் தனியாக நிற்கிற வரைக்கும் இதே கதைதான். பெண்டாட்டி பிறந்தநாள் எனக்கு மறந்துபோகும், இது மறக்காது.

"நான் எழுதிக் குடுத்தது 73939131. இங்க 73939133னு இருக்கு. ஒண்ணு எங்கே, மூணு எங்கே?"

"தப்புதான் சார்."

"தப்பா? பொறாமைம்மா! என் பேரு கெடணும்னு பண்ணியிருக்கே."

சுட்ட வாழைக்காயை நிலக்கடலையோடு மென்றுகொண்டிருந்த தலைமையாசிரியர் நிமிர்ந்தார்.

"விடுய்யா அம்போன்சா. ஒரு இலக்கம்தானே?"

"ஒரு எண்ணை ஒழுங்கா கொண்டுபோய்க் குடுக்கத் தெரியாதவ, பிள்ளைங்களை அக்ராவுக்குக் கூட்டிட்டுப் போறதா? நான் போறேன் சார்."

செர்வா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பிள்ளைகளை மாதக்கணக்கில் உட்காரவைத்துத் தயார் செய்தவள் அவள்தான்.

"சரி, நீயே போய்யா," என்றார் அவர்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் அம்போன்சா இல்லையே. கரும்பலகையில் என் எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

"நல்லாப் பாருங்க எல்லாரும். இதான் பகா எண்!"

வாத்தியார் புத்தி, இலக்கங்களைத் தானாகக் கூட்டிப் பார்த்தது. முப்பத்தாறு.

கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் எண்ணும் மூன்றால் வகுபடும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே நடத்துகிற பாடம். யாருக்கும் மசியாத என் எண், மூன்றின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தது.

சட்டையில் இருந்ததைக் கூட்டினேன். முப்பத்தெட்டு. அது மசியவில்லை.

"எங்கே, பாப்போம்," என்று தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

அவர் பலகைக்கு வருவதற்குள் செர்வா டஸ்டரை எடுத்து அத்தனையையும் அழித்துவிட்டாள்.

"அம்போன்சா சார் சொன்னதுதான் சரி சார். அச்சகத்துல நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்க எழுதிக் குடுத்தப்பவே தெரியும் சார்."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேம்மா?"

"எல்லார் முன்னாடியும் எப்படி சார் சொல்றது?"

எனக்கு முகம் சுண்டிப்போனது.

"சார், அக்ராவுக்கு செர்வாவே போகட்டும்," என்றேன் சத்தமாக.

"ஏன்யா, இப்பத்தானே நீ போறேன்னே?"

"எனக்கு இங்க வேலை இருக்கு சார். மூணாம் வாய்ப்பாடு படிக்கணும்."