கம்பிக்கு மெழுகு

குளியலறைக் கண்ணாடி முன் நின்று கோல்பி தன் பல்கம்பி மேல் மெழுகை உருட்டி உருட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். அடுப்பில் பன்றி விலாவை வைத்துவிட்டு வந்த அம்மா மார்லிஸ் எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா, குத்துற எடத்துல மட்டும் வைன்னுதானே டாக்டர் சொன்னாரு? சுவத்துக்கு சிமெண்ட் பூசுற மாதிரி மேலயும் கீழயும் அப்புறியே."

"இருக்கட்டும்மா."

"சாப்பிடுறப்போ எல்லாத்தையும் பிடுங்கணும். எண்ணெய்க் கிணத்து வேலையிலேர்ந்து அப்பா ரெண்டு வாரம் கழிச்சு இன்னிக்குத்தான் வர்றாரு. அவர் முன்னாடி மெழுகு வாயோடயா உக்காரப் போற?"

"அவர் வர்றதாலதாம்மா."

"ஓகோ, அப்பாவுக்குப் பல்லைக் காட்டி அழகா சிரிக்கவா?"

கோல்பி சிரிக்கவில்லை.

"வழியில குடிச்சிட்டுத்தான் வருவாரு. அவர் அறையுறப்போ கம்பி கன்னத்தை உள்ள கிழிக்குதும்மா. மெழுகு இருந்தா அவ்வளவா கிழிக்காது."

வாசலில் டிரக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மார்லிஸ் அவன் கையிலிருந்த மெழுகு டப்பாவையே பார்த்தாள். போன மாதம் ரத்தம் வழிந்த வாயோடு அவனைக் கூட்டிப் போனபோது, "கம்பிதான் குத்திடுச்சு டாக்டர்" என்று சொல்லி அதை வாங்கி வந்தவள் அவள்தான்.