நூல் கட்டிய குப்பி

“மடியில என்ன?”

“ஒண்ணுமில்ல. பொடி மட்டை.”

“பொடி மட்டை இம்புட்டு வீங்கியா இருக்கும்? எடும் வெளிய.”

சூசை எடுக்கவில்லை. விக்டோரியாவே புருசனின் வேட்டி மடிப்பில் கையை விட்டு உருவினாள். காகிதப் பொட்டலம். உள்ளே எட்டு மக்ரூன்.

“சீனி வியாதிக்காரரு தின்னுத பண்டமா இது?”

“மாதா கோயில்ல கொடியேறி மூணு நாளாச்சு. தெரு பூரா முந்திரியும் சீனியும் மணக்கு. நான் என்ன மரக்கட்டையா? முப்பது வருசம் கொழும்புத் தோணியில தண்டலா நின்னு ஆளுகள ஏவுனவன். மீசை மொளைக்காத ஒரு டாக்டர் பய சொல்லுதான்னு வெறுங்காப்பி குடிக்கணுமா?”

“குடிக்கணும்.”

“மாட்டேன்.”

“எங்க அண்ணனும் இப்படித்தான் நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சாரு. கால முழங்காலோட எடுத்தாங்க. பெறவு ஆளே போயிட்டாரு.”

“ஏளா, அவரை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு நீ என்ன சொன்ன? எனக்கு இந்த எழவு வந்தா பத்தியமும் கிடையாது, கித்தியமும் கிடையாது, வயிறு நெறையத் தின்னுட்டுப் போய்ச் சேருவேன்னியே. உனக்கொரு நியாயம், எனக்கொரு நியாயமா?”

“ஆமா. அது என் உடம்பு, என் இஷ்டம். உம்ம உடம்ப விடமாட்டேன்.”

சொன்னால் சொன்னதுதான். அவளை அசைக்க ஆள் கிடையாது.

தவக்காலத்தில் இரண்டு பேருக்கும் உடம்பு சோர்வாக இருந்து தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறுநாள் சூசைதான் போய் முடிவு கேட்டு வந்தார். “எனக்குச் சீனியாம்” என்று அவர் வாசலில் நின்று சொன்ன அன்றே விக்டோரியா மாதாவிடம் பொருத்தனை வைத்துவிட்டாள். இவருக்குக் குணமாகிற வரைக்கும் என் நாக்கில் இனிப்புப் படாது, இவர் தட்டில் விழுவதுதான் என் தட்டிலும். அன்றிலிருந்து இருவருக்கும் கேப்பைக் களி, முருங்கைக்கீரை, அவித்த மீன். சோறு ஒரே கரண்டி. பானையோடு கருப்பட்டியைத் தூக்கி அடுத்த வீட்டுக் கிளாடிஸிடம் கொடுத்துவிட்டாள்.

இப்போதும் கிளாடிஸைத்தான் கூப்பிட்டாள். பொட்டலத்தை ஒரு தரம் மோந்து பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். அப்புறம் சுவருக்கு மேலே நீட்டினாள். அது அந்தப் பக்கம் போகிற வரைக்கும் சூசை கண்ணை எடுக்கவில்லை. போனதும் பெருமூச்சு விட்டார்.

“பெருமூச்சப் பாரு, கப்பல் கவுந்த மாதிரி. இந்தாரும், இன்னைக்கு ஆஸ்பத்திரி நாளு.”

இரண்டு சின்னக் குப்பிகளை நீட்டினாள். மூத்திரத்தை ஒத்துப் பார்க்க வீட்டில் இன்னொருத்தருடையதும் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்களாம்.

“நூல் கட்டுனது என்னது, கட்டாதது உம்மது. வழியில மாத்திக்கீத்தி வச்சீரோ, பாத்துக்கிடும்.”

“கோட்டிக்காரி. உன்னதக் குடுத்து எனக்கு என்ன ஆகப் போகுது?”

“உம்மத் தெரியாதா எனக்கு?”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். குப்பிகளை மாற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் சங்கரபாண்டியன் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினான். நீலம் நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் காலுக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து. தவக்காலத்தில் வந்தது செங்கல் நிறம்.

குழாய் கொதித்தது. புயலில் பாய் கிழிந்தபோதுகூடச் சுக்கானை விடாத சூசை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நீலம் அண்ணாச்சி. சுத்த நீலம்.”

சூசை மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். “மருந்து இல்லாம முடியாதுன்னானே உங்க டாக்டரு? வந்து பாக்கச் சொல்லு.”

“நல்லா சொல்லுதேன். பத்தியம் விட்டுராம நடக்கட்டும்.”

“நடக்கும்லே. இன்னைக்கும் மக்ரூனோட பிடிபட்டுட்டுத்தான் வந்திருக்கேன். இனி ஒரு மாசத்துக்குக் காவல் பலமா இருக்கும்.”

சங்கரபாண்டியன் சிரித்தான். மூடிகூடத் திறக்காமல் கிடந்த, நூல் கட்டாத குப்பியை எடுத்து, வழக்கம்போல அப்படியே சாக்கடையில் கவிழ்த்தான்.

“சீனி அவுங்களுக்கு, களி உங்களுக்கு. உள்ளதச் சொல்லிர வேண்டியதுதான, அண்ணாச்சி?”

“போலே. அவளுக்குன்னா தின்னுட்டுச் சாவா. எனக்குன்னாத்தான் வாயக் கட்டுவா.”