ஒத்தக்கடையில் தோண்டிய குழி

ஒத்தக்கடை மனையில், உச்சி வெயிலில், காருக்குள் உட்கார்ந்து விஸ்வநாத் கைப்பேசியில் ஆங்கில வகுப்பு எடுக்கிறார். கண்ணாடிக்கு வெளியே அவருடைய புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் கடப்பாரைச் சத்தம். “‘டிக் அப்’னா புதைஞ்சு கெடக்கிறதத் தோண்டி எடுக்கிறது. யாராவது ஒரு வாக்கியம் சொல்லுங்க.” திரையில் நாற்பது முகங்கள் யோசிக்கின்றன. கடப்பாரை நிற்கிறது. கொத்தனார் கார்க் கதவைத் திறந்து குனிகிறார்; உள்ளங்கையில் மண் அப்பிய சின்னப் பானையோடு. “சார், இது கெடச்ச குழிக்குள்ள, பொணத்த வச்சுப் புதைக்கிற பழைய காலத்துத் தாழி ஒண்ணு முழுசாக் கெடக்கு. தொல்லியல் அதிகாரிகளுக்குத் தெரிஞ்சா வேலைய நிப்பாட்டிருவாக. சத்தங்காட்டாம மூடிரவா?” விஸ்வநாத் குழிப் பக்கம் ஒருமுறை பார்க்கிறார். “மூடிருங்கண்ணே” என்கிறார். மைக்கை அணைக்க மறந்த கைப்பேசியிலிருந்து மாணவி மதுவந்தியின் குரல் வருகிறது: “சார், எனக்கு ஒரு வாக்கியம் கெடச்சிருச்சு. சொல்லட்டுமா?”